கால் வெட்டாத டயல்: புதிதாகக் கட்டும் டைவ் வாட்ச்சில் பழைய டயல்

கைக்கடிகாரத்தின் உறுப்புகளில் மிக எளியது டயல்தான். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு பித்தளைத் தகடு, அதன்மேல் பூச்சு, எழுத்து, மணிக்குறிகள், அடியில் இரண்டு சின்னக் கால்கள். சுழல்வதோ துடிப்பதோ இதில் எதுவும் இல்லை. ஆனாலும் பழைய வாட்ச்சின் விலையைப் பெரும்பாலும் இந்தத் தகடுதான் முடிவு செய்கிறது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஏலம் விட்ட ரோலக்ஸ் டேடோனா ஒன்று 1.77 கோடி டாலருக்குப் போனது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த வாட்ச் என்பது அதற்கு முதல் காரணம். ஆனால் அவர் பெயரால் வழங்கும் அந்த டயல் வகை, யாரோ கட்டியிருந்த டேடோனாக்களின் விலையையும் பல மடங்கு ஏற்றிவிடுகிறது. அதே காலத்தில் அதே மெஷினோடு வந்த சாதாரண டயல் வாட்ச்சுக்கு அந்த விலை கிடைப்பதில்லை.

இந்தத் தகட்டைச் சுற்றி இப்போது ஒரு புதுப் பழக்கம் வளர்ந்திருக்கிறது. கேஸ், கண்ணாடி, அதைச் சுற்றிய பெசல் வளையம், உள்ளே ஓடும் மெஷின், முள் எல்லாவற்றையும் தனித்தனியாக வரவழைத்து, ஒருவர் தனக்கென்று ஒரு டைவ் வாட்ச்சைக் கட்டிக்கொள்கிறார். ஜப்பானின் சைக்கோ குழுமம் வெளி நிறுவனங்களுக்கும் விற்கும் என்.எச்.35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின்தான் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. 1996இல் வந்த சைக்கோ எஸ்.கே.எக்ஸ்.007 மாடலின் அளவுகளை ஒட்டி எண்ணற்ற உதிரிகள் கிடைப்பதும் ஒரு காரணம். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் வாங்கினால் எல்லார் வாட்ச்சும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்போதுதான் பழைய டயல் மேல் கண் போகிறது.

பழைய டயல் கிடைக்கும் இடம் திண்டுக்கல் போன்ற ஊர்களின் கடைவீதிகள். ரத வீதிகள் பக்கமும் மெயின் ரோட்டிலும் கண்ணாடி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர்களின் தகர டப்பாக்களில், எப்போதாவது உதவும் என்று போட்டுவைத்த டயல்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துப் புது டைவ் கேஸில் போடலாமா, போட்டால் எப்படி, எதுவரை போகலாம் என்பதே இங்கே கேள்வி. ரிப்பேர்காரர், சேகரிப்பாளர், வாட்ச் கட்டுபவர் என்று மூன்று தரப்புக்கும் இதில் தனித்தனிப் பதில் உண்டு. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். செய்கிற வேலையை நாளை இன்னொருவர் பிரித்து, டயலைப் பழையபடி எடுக்க முடியுமா என்பதே அந்த அளவுகோல்.

டப்பாவில் கிடப்பது என்ன?

நம் ஊர்க் கடைகளில் கிடக்கும் டயல்களுக்குப் பின்னால் இந்தியாவின் வாட்ச் வரலாறே இருக்கிறது. 1961இல் பெங்களூரில், சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், ஆட்டோமேட்டிக்கில் கஞ்சன், ரஜத் என்று அதன் பெயர்கள் ஒரு தலைமுறையின் கல்யாணப் பரிசுகள். அதற்கு முன்பே ஃபாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் வாட்ச்சுகள் பம்பாய் வழியாக வந்துகொண்டிருந்தன. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான சென்னை பர்மா பஜாரில் சைக்கோவும் சிட்டிசனும் கிடைத்தன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கையில் கட்டியும் கொண்டுவந்தார்கள். 1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகளை இறக்கியதும் சாவி கொடுக்கும் வாட்ச்சுகள் மேஜை டிராயருக்குள் போயின. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது.

ஆகவே இன்று பழையது என்று ஒருவர் கைக்கு வரும் டயல் நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஓடிய வாட்ச்சிலிருந்து கழற்றிய அசல் டயல். இரண்டாவது, எந்த வாட்ச்சிலும் ஏறாமல் பொட்டலத்திலேயே இருந்துவிட்ட ஆலைச் சரக்கு. மூன்றாவது, அசல் தகட்டைச் சுரண்டி மறுபடி பூசி, மறுபடி அச்சடித்த ரீடயல். நான்காவது, பழைய டயலைப் பார்த்து இன்று புதிதாக அச்சிட்ட நகல். இந்த நான்காம் வகையில் அதிகம் புழங்குவது 1976 முதல் 1988 வரை தயாரான சைக்கோ 6309-7040 டைவரின் டயல். அந்த வாட்ச்சுகள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் அவற்றின் டயல்கள் வெளுத்தும் உதிர்ந்தும் போயின. அதனால் நகலுக்குத் தேவை நிற்கவே இல்லை.

வாங்குமுன் டயல் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். அசலில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ரீடயலில் மை கசிந்து ஓரம் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் டயலின் விளிம்பில் ஒரே தொலைவில் முடிகின்றனவா, தேதிச் சன்னலின் உட்பக்கச் சுவரில் புதுப் பெயிண்ட் வழிந்திருக்கிறதா, ஒட்டிய மணிக்குறிகளின் அடியில் பெயிண்ட் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கோ டயல்களில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறியீட்டு எண் உண்டு. அது இல்லாவிட்டாலும், கேஸின் பின்மூடியில் உள்ள எண்ணோடு சேராத குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் சந்தேகப்படலாம். டயலைத் திருப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. முன்பக்கம் பளபளத்து, பின்பக்கம் நாற்பது வருட அழுக்கும் கீறலுமாக இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

ரீடயலை முழுதாகத் திட்ட முடியாது

உலகச் சேகரிப்பாளர்களிடையே இந்திய வாட்ச்சுகளுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று எள்ளலாகச் சொல்வார்கள். உடைந்த சைக்கோ 5களின் மெஷினை எடுத்து, எந்த ஆலையும் வெளியிடாத ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் டயல் அடித்து, கிடைத்த முள்ளைப் போட்டு, ‘விண்டேஜ்’ என்று வெளிநாட்டுக்கு விற்ற வாட்ச்சுகள் அவை. எச்.எம்.டி.க்குக் கிராக்கி வந்தபின் அதன் பெயரிலும் இது நடந்தது.

ஆனால் ரீடயல் வேலை ஏமாற்றுவதற்காகப் பிறந்தது அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் சுவிஸ் வாட்ச்சுக்கு மாற்று டயல் கிடைக்காது. வியர்வை இறங்கிக் கறுத்துப்போன டயலோடு வந்தவருக்கு வேண்டியது மணி தெளிவாகத் தெரிய வேண்டும், வாட்ச் புதுசுபோல் இருக்க வேண்டும் என்பதுதான். தகட்டைக் கரைசலில் போட்டுப் பழைய பூச்சை நீக்கி, மெருகேற்றி, பெயிண்ட் தெளித்து, எழுத்து பொறித்த தகட்டில் மை தடவி, அதை ஒரு மெத்தென்ற ரப்பர் உருண்டையால் ஒற்றியெடுத்து டயலில் பதிப்பார்கள். வேலை தெரிந்தவர் செய்தால் அது ஒரு கைத்தொழில். வாடிக்கையாளர் கேட்டார், கடைக்காரர் செய்தார், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதே வாட்ச் நாற்பது வருடம் கழித்து வேறு நாட்டில், வேறு கையில், ‘அசல்’ என்ற பெயரில் விலைபோகும்போதுதான் அது பொய்யாகிறது.

இதில் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. பழைய சப்மரைனரைச் சர்வீசுக்குக் கொடுத்தால் ரோலக்ஸ் மங்கிய டயலை எடுத்துவிட்டுப் புது ஒளிப்பூச்சு கொண்ட டயலைப் போட்டுக் கொடுத்த வழக்கம் உண்டு. ‘சர்வீஸ் டயல்’ என்று சந்தை அதைத் தனியாகப் பெயரிட்டு, விலையையும் குறைத்தே மதிக்கிறது. ஆனால் அதை யாரும் போலி என்று சொல்வதில்லை, ஏனென்றால் மாற்றியது யார், எப்போது என்பது தெரியும்.

ஆலை டயலை மாற்றும்போது பழையது சுரண்டப்படாமல் தனியாகக் கழன்று வருகிறது. ரீடயலில் அப்படி இல்லை. பழையதைச் சுரண்டினால்தான் புதியது பிறக்கும். எழுத்தின் வடிவம், பூச்சு வெளுத்த விதம், ஆலைக் குறியீடு எல்லாம் கரைசலோடு போய்விடுகின்றன. ரீடயலின் மேல் உண்மையில் வைக்க வேண்டிய குறை இதுதான். பூச்சு முற்றாக உதிர்ந்த டயலுக்கு ரீடயல் ஒரு மறுவாழ்வு. வெளுத்திருந்தாலும் எழுத்து நிற்கிற டயலைச் சுரண்டுவது வீண்.

பொருத்தும் இடத்தில் வரும் சிக்கல்கள்

“அண்ணே, இந்த டயலை இந்தக் கேஸில் போட்டுத் தர முடியுமா?” என்று ஒருவர் கேட்டால், ரிப்பேர்காரர் டயலை மெஷின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கால் சேரல தம்பி. வெட்டிட்டு ஒட்டிடவா?”

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டில், உள்ளே இருக்கும் லீவர்களை அரம் போட்டு அந்தச் சாவிக்கென்றே இழைக்கிறார்கள். பக்கத்துப் பூட்டின் சாவி அதில் நுழைந்தாலும் திறக்காது. டயலின் கால்களும் அப்படித்தான் ஒரு மெஷினுக்கென்று வைக்கப்பட்டவை. மெஷினின் விளிம்பில் எந்தக் கோணத்தில் துளை இருக்கிறதோ அங்கேதான் கால் இறங்கும். பழைய எச்.எம்.டி., சுவிஸ் மெஷின்களில் பக்கவாட்டில் உள்ள பொடித் திருகு அந்தக் காலை இறுக்கிப் பிடிக்கும். என்.எச்.35இல் திருகு இல்லை, கால் துளையில் இறுக்கமாக அமர்ந்துகொள்ளும். சாவி கொடுக்கும் திருகான கிரவுன் மூன்று மணியில் இருக்கும் கேஸுக்கும் நான்கு மணிப் பக்கம் இருக்கும் கேஸுக்கும் மெஷின் திரும்பி உட்காரும் கோணமே வேறு. அதனால் என்.எச்.35க்கென்று விற்கும் புதுடயல்களில் நான்கு கால்கள் வைத்தே தருகிறார்கள். வேண்டாத இரண்டை வாங்கியவர் வெட்டிக்கொள்வார். புதுடயலில் அது தவறே இல்லை. பழைய டயலில் இருப்பதே இரண்டு கால்கள்தான்.

இரண்டையும் வெட்டிவிட்டு இருபுறமும் ஒட்டும் பொட்டுகளால் டயலை மெஷின்மேல் ஒட்டுவது எளிய வழி. ஏசி அறையில் வாழும் வாட்ச்சுக்கு அது தாங்கலாம். சித்திரை வெயிலில் பைக் டேங்க் மேல் கை வைத்து வத்தலக்குண்டு வரை போகும் வாட்ச்சுக்குத் தாங்கும் என்று நம்ப முடியாது. பசை இளகினால் டயல் இம்மி நகரும். நகர்ந்த டயலின் நடுத்துளை மணிமுள்ளின் குழாயை உரசும், வாட்ச் நின்று நின்று ஓடும். வெட்டிய காலைத் திரும்ப வைக்கவும் வழி உண்டு. ஆனால் சாதாரணமாக ஈயப்பற்று வைத்தால் சூடு முன்பக்கம் ஏறிப் பெயிண்ட் கொப்பளிக்கும். ஒரு நொடி மட்டும் சூடு தரும் டயல்கால் மிஷின் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் அகலம். எஸ்.கே.எக்ஸ். வகைக் கேஸ்கள் 28.5 மி.மீ. டயலுக்கென்று கடையப்பட்டவை. டயல் சிறியதாக இருந்தால் உள்வளையம் ஒன்றைப் போட்டு ஓரத்தை மறைக்கலாம். பெரியதாக இருந்தால் டயலை இழைக்கக் கை துறுதுறுக்கும். இழைத்தால் நிமிடக் கோடுகளின் நுனி போகும், ஓரத்துப் பூச்சு பொரியும். அங்கே மாற்ற வேண்டியது கேஸை.

மூன்றாவது முள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் முட்களின் துளை அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். என்.எச்.35க்கு மணிமுள் 1.50, நிமிடமுள் 0.90, நொடிமுள் 0.20 மி.மீ. சுவிஸ் ஈ.டி.ஏ. 2824க்கு முதல் இரண்டும் அதே அளவுதான், நொடிமுள் மட்டும் 0.25. இந்த 0.05 மில்லிமீட்டரில்தான் பலர் விழுகிறார்கள். ஈ.டி.ஏ. நொடிமுள்ளை என்.எச்.35இல் போட்டால் பிடிமானம் இல்லாமல் சுழன்று கழன்றுவிடும். என்.எச். நொடிமுள்ளை ஈ.டி.ஏ.யில் அழுத்தினால் இறங்காது. பலம் கொடுத்தால் நொடிச் சக்கரத்தின் அச்சு வளையும்.

முள்ளைக் கழற்றும்போதுதான் பழைய டயல்கள் அதிகம் அடிபடுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு கீறல் போட்டு அதை முள்ளுக்கு அடியில் நுழைக்க வேண்டும். அதன்மேல்தான் நெம்புகோல்கள் இரண்டையும் வைத்து, இருபக்கமும் ஒரே அளவு அழுத்தித் தூக்க வேண்டும். தாள் இல்லாமல் நெம்பினால் டயலின் நடுவில் பிறைபோல் ஒரு கீறல் விழும். பழைய டயல்கள் பலவற்றில் அந்த வடு உண்டு. திரும்பப் போடும்போது கிரவுனை இழுத்துத் திருப்பி, தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணிமுள்ளையும் நிமிடமுள்ளையும் பன்னிரண்டில் அழுத்த வேண்டும். பிறகு வாட்ச்சைக் கண்மட்டத்தில் படுக்கைவாட்டாகப் பிடித்து, டயலுக்கும் மூன்று முட்களுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா, மணிக்குறிகளில் முள் இடிக்கிறதா என்று ஒரு முழுச் சுற்று பார்க்க வேண்டும்.

நான்காவது தேதி. ஜனதா போன்ற டயல்களில் தேதிச் சன்னலே கிடையாது. அவற்றுக்கு என்.எச்.35ஐப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத தேதிச் சக்கரம் அடியில் சுற்றிக்கொண்டிருக்கும், கிரவுனிலும் பயனற்ற ஒரு நிலை இருக்கும். தேதி இல்லாத என்.எச்.38 இதற்குப் பொருத்தம். கிழமையும் தேதியும் கொண்ட கஞ்சன் டயலை என்.எச்.36மேல் வைத்தால் சன்னலும் சக்கரத்து எழுத்தும் நேர்கோட்டில் வரும் என்று எண்ணக் கூடாது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், டயலை மெஷினுக்கு ஏற்ப வெட்டுவதைவிட டயலுக்கு ஏற்ற மெஷினைத் தேடுவதே நேர்வழி என்று தெரியும். எச்.எம்.டி. டயல் வைத்திருப்பவர் அதன் 17 ஜுவல் மெஷினோடு சேர்த்தே எடுத்து, நடுவில் ஒரு பித்தளை வளையம் கடைந்து, புதுக் கேஸில் உட்கார வைக்கலாம். அப்போது டயலில் கை வைக்க வேண்டியதில்லை, வேலை முழுவதும் வளையத்திலும் கேஸிலும் நடக்கும். ஆனால் கிரவுனின் தண்டு வரும் உயரமும் கேஸின் துளை உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தண்டு சாய்ந்து கிரவுன் ரப்பரைத் தின்றுவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. டைவ் கேஸின் கிரவுன் திருகி மூடுவது. சாவி கொடுக்கும் மெஷினுக்கு அதைத் தினமும் கழற்றி மாட்ட வேண்டும்; மரையும் ரப்பரும் சீக்கிரம் தேயும். இத்தாலியக் கடற்படைக்கு வாட்ச் செய்த பனேராய் நிறுவனம் இந்தச் சிக்கலுக்காகத்தான் கிரவுனை நெம்புகோலால் அழுத்திப் பூட்டும் பாலம் ஒன்றை வைத்தது. அந்த வசதி இல்லாத கேஸில் சாவி மெஷினைப் போட்டால் கிரவுன் ரப்பரை அடிக்கடி மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

ஒளிப்பூச்சு

இருட்டில் ஒளிரும் எதற்கும் நம் கடைவீதியில் ரேடியம் என்றே பெயர், வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் உட்பட. இன்றைய வாட்ச்சுகளில் இருப்பது ரேடியம் அல்ல. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் உருவாக்கிய, வெளிச்சத்தை உண்டு பின்பு உமிழும் பூச்சின் வழிவந்தது அது, கதிர்வீச்சு கிடையாது. ஆனால் 1960களுக்கு முந்திய டயல்களில் இருப்பது உண்மையான ரேடியமாகவே இருக்கலாம்.

ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அதனோடு கலந்த துத்தநாகக் கூட்டுப்பொருள் சில பத்தாண்டுகளில் சோர்ந்துவிடும்; அதனால் டயல் ஒளிர்வது நிற்கும், கதிர்வீச்சு நிற்காது. ‘இது ஒளிரவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்பது தப்புக்கணக்கு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூர்செய்யப் பழக்கப்பட்டு, தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை அந்தப் பூச்சால் பெரிய தொல்லை இல்லை. சுரண்டினால் பறக்கும் தூள் மூச்சில் போவதுதான் கேடு. ஆகவே ரேடியம் என்று சந்தேகம் வந்தால் அந்த டயலைச் சுரண்டுவதோ மறுபூச்சுப் பூசுவதோ வேண்டாம், அதைப் புது வாட்ச்சில் கட்டும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

ரேடியத்துக்குப் பின் வந்த டிரிட்டியம் வேறு மாதிரி. அரை ஆயுள் 12.3 ஆண்டுதான். சுவிஸ் டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபக்கமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். 1970களின் தொடக்கத்து டயலில் இன்று எஞ்சியிருப்பது பதினாறில் ஒரு பங்குகூட இராது. அது பழுத்து வெண்ணெய் நிறமாக மாறியிருப்பதைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். டைவ் வாட்ச் என்றால் ஒளிர வேண்டும் என்று நினைப்பவர் டயலைத் தொடாமல், முட்களிலும் பெசலின் முத்திலும் மட்டும் புதுப்பூச்சு வைத்துக்கொள்ளலாம். நிறம் சேர வேண்டுமென்றால் பூச்சில் மஞ்சள் சாயம் கலந்தவையும் கிடைக்கின்றன. நாளைக்கே முட்களை மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தண்ணீர்

டைவ் வாட்ச் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேச வரையறை உண்டு. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், சொன்ன ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், 25 செ.மீ. தொலைவில் இருட்டிலும் மணி தெரிய வேண்டும். பெசல் தவறுதலாக நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் அது ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது. 1953இல் வந்த பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலக்ஸ் சப்மரைனரும் டைவ் வாட்ச்சின் வடிவத்தை நிலைநிறுத்தின. காற்றுருளையோடு இறங்குபவர் அடியில் கழிந்த நிமிடங்களை எண்ணத்தான் அந்தப் பெசல். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிச் சங்கு குளிப்பவருக்கு அது தேவைப்பட்டதில்லை. சமவெளியில் உள்ள நமக்கோ கிணற்றுக் குளியலும் ஐப்பசி மழையும்தான் சோதனை.

இருந்தாலும் வீட்டில் கட்டிய வாட்ச்சை நம்பித் தண்ணீரில் இறங்கும் முன் யோசிக்க வேண்டும். கேஸை விற்றவர் 200 மீட்டர் என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவது கண்ணாடியை அழுத்திய கை, பின்மூடியைத் திருகிய கை, ரப்பர் வளையத்துக்குத் தடவிய சிலிகோன் கிரீஸ் ஆகியவை. பழைய டயலோ ஈரம் பட்டால் முதலில் சாகும் உறுப்பு. ஈரம் பூச்சுக்கு அடியில் போனால் பித்தளை பச்சை பூக்கும், பூச்சு பொரியும். அதற்கு மருந்து கிடையாது.

எனவே சோதனையின் வரிசையை மாற்ற வேண்டும். மெஷினும் டயலும் இல்லாத வெறும் கேஸை, கிரவுனும் கண்ணாடியும் மூடியும் மாட்டி, அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் தேறிய பிறகுதான் டயல் உள்ளே போகலாம். கடைசியாக மூடும் வேலையை மழைநாளில் செய்யாமல், ஈரமற்ற அறையில் செய்ய வேண்டும். அன்றைய காற்றில் உள்ள ஈரம் அப்படியே உள்ளே சிறைப்படும். மூடிய வாட்ச்சை லேசாகச் சூடேற்றி, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை வைத்துத் துடைத்துப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் பனி படரும். திண்டுக்கல்காரருக்கு இன்னொரு இயற்கைச் சோதனையும் உண்டு. சமவெளியின் வெக்கையிலிருந்து பேருந்தேறிக் கொடைக்கானலில் இறங்கும்போது கண்ணாடிக்குள் மூட்டம் தெரிந்தால், அன்றே மூடியைத் திறந்தாக வேண்டும்.

பெயரும் விற்பனையும்

தானே கட்டித் தானே கட்டிக்கொள்ளும் வாட்ச்சில் எந்த டயல் இருந்தாலும் அது அவர் விருப்பம். விற்கும்போது கதை மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரைப் புதிதாக அச்சிட்ட நகல் டயலை விற்பது, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பெயரே இல்லாத வெற்று டயலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அசல் பெயர் கொண்ட பழைய டயலை வேறு கேஸில் வைத்து விற்பவர், டயல் எதிலிருந்து வந்தது, மெஷின் எது, கேஸ் யாருடையது என்று மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் வாங்குபவருக்குக் குழப்பமில்லை. பின்மூடியின் உட்பக்கம் மாற்றிய தேதியைக் குறித்துவைப்பது ரிப்பேர்காரர்களின் பழைய வழக்கம்தான்.

பழையதைப் புதியதில் வைப்பதையே தொழிலாக்கி, மறைக்காமல் செய்தவர்களும் இந்தியாவில் உண்டு. கௌரவ் மேத்தா தொடங்கிய ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி, சுதந்திரத்துக்கு முந்திய நாணயங்களையும் தபால்தலைகளையும் வாட்ச் முகப்பில் வைத்துப் பெயர் பெற்றது. அங்கே யாரும் அந்த வாட்ச்சை 1940களின் வாட்ச் என்று நினைப்பதில்லை. உள்ளே இருப்பது பழைய நாணயம், வெளியே இருப்பது புதுக் கேஸ் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அதுவே அதன் அழகும்கூட. டயல் விஷயத்தில் இந்தத் தெளிவு தானாக வராது, சொன்னால்தான் வரும்.

எதுவரை?

இனி மூன்று தரப்பையும் ஒன்றாகப் பார்க்கலாம். சேகரிப்பாளர் எதையும் தொடாதே என்கிறார். அவர் சொல்லும்படி நடந்தால் தகர டப்பாவில் உள்ள டயல்கள் டப்பாவிலேயே மக்கிப்போகும். அவற்றுக்குரிய கேஸ்கள் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ரிப்பேர்காரர், வெட்டி ஒட்டினால் ஓடும் என்கிறார். ஓடும், ஆனால் அந்த டயலின் அடுத்த வாழ்வு அங்கே முடிந்துவிடும். கட்டுபவருக்கோ அழகுதான் முக்கியம். அவருக்கு அதே அழகை நகல் டயலும் தரும், ஏற்கெனவே ரீடயலானதும் தரும்.

பிரித்துப் பழையபடி ஆக்க முடியுமா என்ற அளவுகோலை வைத்தால் மூவருக்கும் இடம் கிடைக்கிறது. கால்கள் முழுதாக உள்ள, அச்சு அழியாத அசல் டயலில் வெட்டுவது, இழைப்பது, சுரண்டுவது, பூசுவது எதுவும் கூடாது. அதற்கேற்ற மெஷினும் வளையமும் கிடைக்கும்வரை அது காத்திருக்கட்டும். ஏற்கெனவே கால் ஒடிந்தது, பூச்சு உதிர்ந்தது, யாரோ எப்போதோ ரீடயல் செய்தது ஆகியவை கட்டுபவரின் உரிமை; அவற்றில் இழக்க இனி ஒன்றும் இல்லை, ஒட்டினாலும் பூசினாலும் ஆதாயம்தான். ரேடியம் பூசியது எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

இதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. பொட்டு ஒட்டுவதைவிடப் பித்தளை வளையம் கடைவது பல மடங்கு வேலை. அதற்கு லேத் தெரிந்தவரும் அளவு எடுக்கத் தெரிந்தவரும் சேர வேண்டும். ஆனால் பழைய எச்.எம்.டி. டயல்கள் இனிப் பெருகப் போவதில்லை, என்.எச்.35 கேஸோ நாளையும் வரும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் பொருளைக் குறையாத பொருளுக்காக வெட்டுவது எந்தக் கணக்கிலும் நட்டம்தான். கடைக்காரர் “வெட்டிடவா?” என்று கேட்டால், “வேணாம்ணே, கேஸை மாத்திப் பார்ப்போம்” என்பதே சரியான பதில்.